‘காய்கிறது, தொட வேண்டாம்’

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை பகல் இரண்டே கால் மணிக்கு, நான் ஒரு குப்பைக் கொள்கலனுக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

இடம், ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் பகுதியில் எங்கள் குடியிருப்பின் வாகனத் தரிப்பிடம். காலடியில் இரண்டு மெத்தைகள், ஒரு குழந்தைக் கட்டில், துருப்பிடித்த இறைச்சி அடுப்பு, ஒரு சலவை இயந்திரம். என்னோடு உள்ளே நின்றவர் எப்ரிமா. காம்பியா நாட்டுக்காரர், பஸ் சாரதி, எனக்கு அடுத்த வீடு. வேலை முடிந்து நேரே வந்தவர்... சீருடையைக்கூட மாற்றவில்லை.

நாங்கள் தேடியது ஒரு சுரைக்குடுவையை.

இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குத் தெரியும், நான் இங்கே சத்தம் போடுகிறவன் அல்ல. இந்த வாரம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்ரிமாவின் ஆட்களிடம் அகோன்டிங் என்று ஒரு வாத்தியம் உண்டு. நெல் விதைக்கிற சனம் அவர்கள். வயலால் வந்து, கால் கழுவி, சாய்ந்து உட்கார்ந்து வாசிக்கிற வாத்தியம் அது. பெரிய சுரைக்காயைக் காயவைத்து, வாயை அகலமாக வெட்டி, அதன்மேல் ஆட்டுத் தோலை ஈரத்தோடு இழுத்து ஆணி அடிப்பார்கள். நீளமான மூங்கில் ஒன்று குடுவையின் ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வெளியே வரும். மூன்று தந்திகள். எப்ரிமா போடுவது தூண்டில் நைலான். அதில் ஒன்று கட்டை; மூங்கிலின் பாதி வழியிலேயே நின்றுவிடும். பெருவிரல் அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும், எங்கள் தம்புராவைப் போல விடாமல்.

முறுக்குவதற்கு ஆணி இல்லை, திருகு இல்லை. ஒவ்வொரு தந்தியும் மூங்கிலில் ஒரு தோல் வளையத்தில் கட்டியிருக்கும். வளையத்தை மேலே தள்ளினால் சுருதி ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். ஒரு நெல்மணி அளவு தள்ளுவார். கேட்பார். அரை நெல்மணி இழுப்பார்.

எப்ரிமாவின் பழைய அகோன்டிங் சென்ற மாரியில் ஹீட்டர் சூட்டில் தோல் வெடித்துப் போனது. அதற்கு முன்பு ஒருநாள், என் மகள் வயலினுக்கு வைத்திருக்கும் சுருதி ஆப்பைக் கைத்தொலைபேசியில் திறந்து அதன் பக்கத்தில் பிடித்தேன். மூன்று தந்திக்கும் சிவப்பு.

“யாரைக் கேட்டு அது சிவப்புப் போடுகிறது?” என்றார் எப்ரிமா. நாங்கள் பேசுவது நோர்வேஜிய மொழியில். தமிழில் தருவது நான்.

“உங்கள் சுருதி சரியில்லையாம்.”

“என் தொண்டைக்குச் சரி. தொலைபேசியா பாடப் போகிறது?”

அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. வாத்தியத்தைப் பாடுகிறவரின் குரலுக்கு இறக்குவார்கள், ஏற்றுவார்கள். ஆள் மாறினால் வளையத்தின் இடமும் மாறும். 

இந்த வசந்தத்தில் எப்ரிமா புதிதாக ஒன்று கட்டினார். காரணம், அவருடைய மூத்த அண்ணன் லாமின் பன்னிரண்டு நாளைக்கு ஒஸ்லோ வருவதாக இருந்தது. மூன்று தடவை விண்ணப்பித்து, மூன்றாம் தடவை கிடைத்த விசா. அண்ணனும் தம்பியும் ஒன்றாகப் பாடிப் பதினொரு வருடம். விமானத்தில் வாத்தியம் உடையும், சுங்கத்தில் தோலைக் கண்டால் கேள்வியும் வரும் என்று எப்ரிமா அண்ணனுக்குச் சொல்லியிருந்தார்: “உன்னுடையதைக் கொண்டுவராதே. இங்கே நான் ஒன்று செய்து வைத்திருக்கிறேன்.”

முதலில் மூங்கிலில் தந்திகளை மட்டும் கட்டி, தொலைபேசியில் அண்ணனைப் பாடச் சொன்னார். வளையங்களைத் தள்ளிச் சரிபார்த்தார். மூங்கிலில் பென்சிலால் மூன்று கோடுகள் போட்டார். அவை அண்ணனின் குரலுக்கு. கொஞ்சம் மேலே இன்னும் மூன்று கோடுகள்... அவை தனக்கு. பிறகு கழற்றி, தோல் வேலையைத் தொடங்கினார்.

சுரைக்குடுவை ஊரிலிருந்து வந்த ஒருவரின் பெட்டியில், உடுப்புகளுக்கு நடுவில் வந்தது. இந்தக் குளிரில் சுரைக்காய் அந்த அளவுக்கு முற்றாது. தோல் திராமன் நகருக்கு அப்பால் ஒரு பண்ணையிலிருந்து. ஒரு வியாழக்கிழமை மாலை அதை இழுத்துக் கட்டி, ஆணி அடித்து, மூங்கிலைச் செருகி, தந்தியும் கட்டி, வீட்டு வாசல்களை இணைக்கும் திறந்த நடைபாதையில் ஒரு முக்காலிமேல் வைத்தார். பல்கனியில் பின்னேர வெயில் நேரே விழும், தோல் வெடிக்கும். வீட்டுக்குள் தரையே சூடேறும். நிழலும் காற்றும் உள்ள இடம் அது ஒன்றுதான். மூன்று நாள் போதும். பக்கத்தில் நோர்வேஜிய மொழியில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டினார்: “இசைக்கருவி. காய்கிறது, தொட வேண்டாம். எப்ரிமா.” கீழே தொலைபேசி இலக்கம்.

மணந்ததா? மணந்தது. ஈரத் தோல் மணக்காமல் என்ன செய்யும்?

வெள்ளிக்கிழமை மாலை தவராசா அண்ணை என் கதவைத் தட்டினார். எங்கள் குடியிருப்பு நிர்வாகக் குழுவின் தலைவர். பெயரை மாற்றியிருக்கிறேன். வாசித்தால் தன்னை அடையாளம் கண்டுகொள்வார். காணட்டும்.

“தம்பி, நாளைக்கு டுக்நாட். நடைபாதையெல்லாம் வெறுமையா இருக்கவேணும். இதிலை ஒரு சைன் வையும்.”

டுக்நாட் என்றால் வசந்தத்தில் எல்லா வீட்டுக்காரரும் சேர்ந்து வளவு துப்புரவாக்கும் நாள். வருடா வருடம் வரும். வருடா வருடம் ஏதாவது கடதாசி வரும். நான் தேநீரை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையால் கையெழுத்துப் போட்டேன்.

இருபத்தாறு வருடம் பத்திரிகை வேலை. மற்றவர்களின் வரிகளில் காற்புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்தவன். வாசிக்காமல் போட்டேன்.

மறுநாள் காலை எல்லாரும் கீழே. எனக்குக் கிடைத்தது, பனி வழுக்காமலிருக்கக் குளிர்காலம் முழுக்கக் கொட்டிய சரளைக்கல்லைக் கூட்டும் வேலை. கொள்கலனின் விளிம்புக்கு மேலே நீளமாக ஒரு மூங்கில் நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். யாருடைய தூண்டில் தடியோ என்று நினைத்தேன். கூட்டினேன். அவித்த சொசேஜ் கொடுத்தார்கள், தின்றேன். பன்னிரண்டு மணிக்கு, கடைசிச் சாமானாக, யாரோ நாலு பேர் ஒரு சலவை இயந்திரத்தைத் தூக்கி உள்ளே போட்டார்கள். கைதட்டினோம். நானும் தட்டினேன்.

இரண்டு மணிக்கு எப்ரிமா வந்தார். முக்காலி இருந்தது. மேலே ஒன்றும் இல்லை.

மூங்கிலைப் பிடித்து இழுத்தபோது அது முழுசாக வந்தது. தந்திகள் தொங்கின. சலவை இயந்திரத்தைப் புரட்டியபோது குடுவை எட்டோ ஒன்பதோ துண்டாகக் கிடந்தது. அரைவாசி காய்ந்த தோல் அந்தத் துண்டுகளை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. ஒட்டிய கடதாசியும் கிடைத்தது. எழுத்து அழியவில்லை.

எப்ரிமா மூங்கிலைத் திருப்பிப் பார்த்தார். “மூங்கில் நல்லா இருக்கு,” என்றார். அவ்வளவுதான்.

நேரே தவராசா அண்ணை வீட்டுக்குப் போனேன்.

“அண்ணை, எப்ரிமான்ரை வாத்தியத்தை ஆர் எறிஞ்சது?”

“வாத்தியமோ? ஆட்டுத்தோல் தம்பி அது. இலையான் மொய்ச்சது. நான்தான் தூக்கிப் போட்டனான்.”

“பக்கத்திலை ஒரு துண்டு ஒட்டிக் கிடந்ததே.”

“ஓம், பாத்தனான்.”

“வாசிச்சனீங்களோ?”

“வாசிச்சனான்தான். அதுக்கு? நடைபாதையிலை ஒண்டும் வைக்கக்கூடாது எண்டு விதி. நீரும் சைன் வைச்சனீர்தானே!”

கடதாசியை எடுத்துக் காட்டினார். மூன்றாம் மாடியில் உள்ள ‘விலங்குக் கழிவை’ அகற்றும்படி கீழே ஒப்பமிட்ட குடும்பங்கள் கேட்டுக்கொள்கின்றன. மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

அவருக்குப் பின்னால், வரவேற்பறையில், சிவப்பு வெல்வெட் உறை போட்டு ஒரு மிருதங்கம் இருந்தது. அவருடைய மகன் அரங்கேற்றம் செய்தது. அந்த அரங்கேற்றத்தைப் பற்றி நானே அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

“உங்கடை மகன்ரை மிருதங்கம் என்னத்திலை செய்தது, அண்ணை?”

“விசர்க் கதை கதையாதையும். அது கோயிலிலை வாசிக்கிற வாத்தியம்.”

“தோல்?”

திரும்பி மிருதங்கத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “அது இஞ்சை வரேக்கை காஞ்சுதான் வந்தது!”

இந்த ஒரு வசனத்தை நான் மூன்று வாரமாகச் சுமந்துகொண்டு திரிகிறேன்.

காய்ந்துதான் வந்தது. சரி. யார் காயவைத்தார்கள்? எந்தத் தெருவில்? உரித்தது யார், ஊறவைத்தது யார், ரோமம் வழித்தது யார்? வாத்தியம் சபைக்கு வந்தது. மாலை போட்டோம், சந்தனம் வைத்தோம். தோலைப் பதமாக்கியவர் எந்தச் சபைக்கு வந்தார்? எந்தக் கோயிலின் எந்த வாசல் வரைக்கும் வந்தார்? நாங்கள் தொட்டது காய்ந்த தோலை மட்டும்தான். ஈரமும் மணமும் இன்னொரு சனத்தின் தலையில். அந்தப் பழக்கத்தைக் கப்பலேற்றி, விமானமேற்றி, நோர்வே வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம். ஒரு கீறல் இல்லை!

எப்ரிமாவின் ஊரில் இந்த வாத்தியத்துக்கு என்று ஒரு பரம்பரை கிடையாது. யாரும் கட்டலாம், யாரும் வாசிக்கலாம். தோலை இழுத்தவரே மடியில் வைத்து வாசிப்பார். இதைத் தவராசா அண்ணைக்குச் சொன்னேன். அவருக்கு அது விளங்கவில்லை என்று நான் நம்பவில்லை.

இன்னொன்றும் ஞாபகப்படுத்தினேன். நாங்கள் இங்கே குடிவந்த முதல் வருடம், கருவாடு பொரிக்கும் மணத்தைப் பற்றி நோர்வேஜியர்கள் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள். அப்போது அதற்குப் பதில் எழுதியவர் இதே தவராசா அண்ணை. அழகான கடிதம். ‘பழகாத மூக்குக்கு எல்லாம் நாற்றம்தான்’ என்று ஒரு வரி. எங்கள் பத்திரிகையில் தமிழில் போட்டவன் நான்.

“அப்ப வேறை தம்பி,” என்றார். “அப்ப அவங்கள் எங்களையெல்லோ சொன்னவங்கள்.”

வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சொன்னது: “அவரிலை பாயுறதை விட்டிட்டு, நீங்கள் வைச்ச சைனுக்கு என்ன செய்யப்போறீங்கள்? பேப்பரிலை வேலை செய்த மனுசன்... பால் பெட்டியிலை திகதி வாசிக்கிறீங்கள், உதை வாசிக்கேல்லை.”

அன்று மாலையே எப்ரிமாவிடம் போய் மூன்றாவது கையெழுத்து யாருடையது என்று சொன்னேன். “நீ எனக்குக் கொள்கலனில் உதவி செய்தாய்,” என்றார். “அது எனக்குத் தெரியும். இதுவும் இப்போது தெரியும்.” கதவைச் சாத்தவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை தவராசா அண்ணை சமாதானத்துக்கு வந்தார். கையில் ஒரு இசைக்கருவிக் கடையின் படம். பளபளக்கும் புதுப் பேஞ்சோ. நடைபாதையில் எங்கள் இருவரையும் நிறுத்தி, நோர்வேஜிய மொழியில் எப்ரிமாவுக்கு விளக்கினார், குழு வாங்கித் தரும் என்று. பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில்: “ரெண்டும் ஒரே சாமான்தானே. இது திறமானது, உடையாது.”

எப்ரிமா படத்தை வாங்கி எண்ணிப் பார்த்தார்.

“இதில் ஐந்து தந்தி,” என்றார். “என் அண்ணனுக்கு மூன்றுதான் தெரியும்.”

பேஞ்சோ எங்கிருந்து வந்தது என்று இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு ஒரு வரி சொல்லவேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் பிடித்துச் சங்கிலி போட்டுக் கப்பலேற்றிய மனிதர்கள், கடலுக்கு அந்தப் பக்கம், கிடைத்த சுரைக்காயிலும் கிடைத்த தோலிலும் தங்கள் வாத்தியத்தை ஞாபகத்திலிருந்து திரும்பக் கட்டினார்கள். அதுதான் கைமாறி, தொழிற்சாலைக்குப் போய், இரும்பு வளையம் பூட்டிப் பேஞ்சோ ஆனது. அதன் மூதாதை அகோன்டிங் ஒன்றுதான் என்று யாரும் சத்தியம் செய்வதில்லை. அந்தக் கரையில் இப்படிப் பல உண்டு. ஆனால் மிக நெருங்கிய உறவு என்கிறார்கள். அந்தக் கட்டைத் தந்தி இன்றைக்கும் பேஞ்சோவில் இருக்கிறது... பெருவிரலுக்குக் காத்துக்கொண்டு.

ஒருவருடைய பூட்டனைக் கொன்றுவிட்டு, பூட்டப்பிள்ளையின் படத்தை நீட்டி, ‘ஆள் ஒன்றுதானே’ என்றால் என்ன சொல்வீர்கள்? 

வெள்ளிக்கிழமை லாமின் வந்து இறங்கினார். மெலிந்த, உயரமான மனிதர். ஒரு பெட்டி, வாத்தியம் இல்லை. சொன்னபடியே கொண்டுவரவில்லை.

ஞாயிறு பின்னேரம் எப்ரிமாவே என்னை அழைத்தார். போனேன். லாமின் மூங்கிலை மடியில் வைத்திருந்தார். பென்சில் கோடுகளைத் தடவிப் பார்த்து ஏதோ கேட்டார். எப்ரிமா எனக்குச் சொன்னார்: “இது யார் என்று கேட்கிறான். ‘நீ’ என்றேன்.”

லாமின் வளையங்களை ஒவ்வொன்றாகத் தன் கோடுகளுக்கு நகர்த்தினார். தந்திகளுக்குக் கீழே ஒரு மரத்துண்டைச் செருகினார். சுண்டினார். நுளம்பின் ரீங்காரம் அளவு சத்தம். வயிறு இல்லாத வாத்தியம், வேறெப்படிக் கேட்கும்? எழுந்து அறைக் கதவடிக்குப் போனார். உள்ளே வெறுங்கூடான மலிவுக் கதவு. மூங்கிலின் அடியை அதன்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி வாசித்தார்.

கேட்டது. பக்கத்து அறையில் யாரோ வாசிப்பது போல. அந்த ஒலியின்மேல் அவர் குரலை வைத்தார். பென்சில் கோடு பொய் சொல்லவில்லை. எப்ரிமாவும் மெதுவாகச் சேர்ந்துகொண்டார். பதினொரு வருடம் கழித்துச் சேர்ந்து பாடுகிறார்கள் — ஒருவர் நின்றபடி, வாத்தியத்தைக் கதவில் முட்டுக்கொடுத்துக்கொண்டு.

பன்னிரண்டாம் நாள் லாமின் போய்விட்டார். அடுத்த முறை தன்னுடையதைக் கொண்டுவருவாராம். அடுத்த முறை!

நேற்றிலிருந்து எங்கள் படிக்கட்டில் புது அறிவித்தல் தொங்குகிறது. நிர்வாகக் குழுவின் கோடைவிழா. ‘நாங்கள் பல நாட்டவர், ஒரே குடும்பம். உங்கள் பாரம்பரிய இசைக்கருவியோடு வாருங்கள்.’ தலைவர் ஒப்பம்: தவராசா. ஆதரிப்பவர்கள் கையெழுத்துப் போடக் கீழே கோடு போட்டிருக்கிறார்கள்.

நின்று, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை இரண்டு தடவை வாசித்தேன்.

பேனா சட்டைப்பையிலேயே இருக்கிறது.