பத்து மணி ஃபோன்

மின் வாரியத்தில் அவருக்கு வைத்த பெயர் கல்லுளிமங்கன். கத்தரிக்காய் வாங்கப் போனால் வெண்டைக்காயை விலை கேட்கிற ஆள். வேலையும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. பக்கத்து நாட்டுக்கு நாளைக்கு எவ்வளவு மின்சாரம், யூனிட் என்ன விலை என்று தினமும் காலை பத்து மணிக்கு ஃபோனில் பேசி முடிக்க வேண்டும்.

இங்கே ஆறும் அணையும். அங்கே வெயிலும் புழுக்கமும். இங்கே மிஞ்சுகிறபோது அங்கே பற்றாது; கொடுத்து வாங்கினால் இரண்டு பேருக்கும் லாபம். ஆனால் தேவையை முதலில் ஒப்புக்கொள்கிறவன் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள் என்பது அவர் சித்தாந்தம். அதனால் மழைக்காலத்தில் சத்தம் அங்கே கேட்காதபடி சன்னலைச் சாத்திவிட்டுத்தான் ஃபோனை எடுப்பார். விற்காவிட்டால் ஷட்டரைத் திறந்து தண்ணீரைச் சும்மா கடலுக்கு விட வேண்டும் என்ற நிலையிலும், "எங்களுக்கே பத்தல சார்" என்று இழுப்பார்.

எதிர்முனைக்காரர் மட்டும் லேசுப்பட்டவரா? சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட, "இங்க குளுகுளுன்னு இருக்கு, உங்க கரண்ட் எதுக்கு சார்?" என்பார். ஒரு காசுக்கு இரண்டு பேரும் மல்லுக்கட்டுவார்கள். நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

விதி யாரை விட்டது? கல்லுளிமங்கனின் மகளும் வாரியத்தில் எஞ்சினியர். எல்லையில் மின்கோபுர வேலைக்குப் போனவள், அந்தப் பக்கத்து எஞ்சினியரிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பினாள். அவன் சாட்சாத் எதிர்முனைக்காரரின் மகன்!

இரண்டு வீட்டிலும் சம்மதம்தான். யார் முதலில் கேட்பது? "நாம போய் நின்னா நமக்குத்தான் தேவைன்னு ஆயிடும்" என்றார் இவர். அங்கேயும் அதே பாட்டு. மாதக்கணக்கில் பத்து மணி ஃபோனில் யூனிட் விலை மட்டுமே ஓடியது. மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள்.

ஒருநாள் அடைமழை. வேலைக்குக் கிளம்பியவரை மனைவி மறித்தாள்.

"பையனுக்கு வேற எடத்துல பாக்கறாங்களாம். இன்னிக்கு விட்டா அவ்வளவுதான். வாயத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

"விலை ஏறிடும்டி."

"அணைத் தண்ணி வீணாப் போனா தூக்கம் வராம பொரளுவீங்க. பெத்த பொண்ணு அழறது மட்டும் காதுல விழலையா?"

விழாமல் என்ன? பாவம், வீட்டிலும் சன்னலைச் சாத்திக்கொண்டுதான் இருந்தார்.

ஆபீசில் பத்து மணி ஆனது. பழக்கதோஷத்தில் சன்னலுக்குப் போன கை அப்படியே நின்றது. இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டு ஃபோனை எடுத்தார்.

"சார், மழை கேக்குதா?"

"கேக்குது..."

"அணை நிரம்பிடுச்சு. வழியப் போகுது. என் பொண்ணு ஒழுங்கா சாப்பிட்டு மாசக்கணக்காச்சு. உங்க பையன அவளுக்குக் குடுங்க சார். எங்களுக்கு வேணும்."

எதிர்முனையில் சுவிட்ச் தட்டும் சத்தம். மின்விசிறி கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது.

"இங்க வேகுது சம்பந்தி," என்றது கரகரத்த குரல். "பையன் பித்துப் புடிச்சவனாட்டம் திரியறான். எங்களுக்கும் வேணும்."

அன்றைக்கு மின்சார விலை பேசி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இவர் ஒரு காசு குறைப்பார், அவர் ஒரு காசு கூட்டுவார். "நீங்க சொல்லுங்க சம்பந்தி", "நீங்களே சொல்லுங்க சம்பந்தி" என்று இழுத்து, கடைசியில் நேற்றைய விலைக்கே வந்து சேர்ந்தார்கள்.

"அப்புறம், கல்யாணச் செலவு?" என்று மெல்ல ஆரம்பித்தார் கல்லுளிமங்கன்.

மின்விசிறிச் சத்தம் நின்றது.

"அத நாளைக்குப் பத்து மணிக்குப் பேசலாமே சம்பந்தி."

"அதுக்கென்ன, பேசலாம்," என்று சொல்லிவிட்டு, இவர் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினார்.