தண்டவாளம் காட்டிய தெற்கு

எண்பதுகளின் நடுவில் அரசாங்கத்துக்காக நெல் விளைச்சலை அளக்கிற வேலையில் இருந்தேன். அதுவரை நெல்லுக்கும் எனக்கும் இருந்த உறவு சாப்பாட்டுத் தட்டோடு சரி. மயிலாப்பூரில் பிறந்தவனுக்குக் கடல் இருக்கிற பக்கம் கிழக்கு. அதற்கு மேல் திசையைப் பற்றி யோசிக்க அவசியமே வந்ததில்லை.

முதல் தை மாதமே என்னைத் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்கள். மின்சார ரயிலில் போய்த் தாம்பரத்தில் இறங்கி, பஸ் பிடித்து, பெருங்களத்தூரில் இறங்கி நடந்தால் ஏரி. ஏரிக்குக் கீழே நெல். நெல்லுக்கு நடுவே அங்கங்கே மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக் கற்கள். மதகை ஒட்டிய நிலத்தில் நன்றாக விளையும். தண்டவாளப் பக்கம் மேடு, தண்ணீர் கடைசியாகத்தான் போய்ச் சேரும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு எல்லா நெல்லும் ஒன்றுதான்.

எங்கள் முறை எளிது. வயலின் தென்மேற்கு மூலையில், ஊர்க்காரர்கள் சொல்லும் கன்னிமூலையில், நிற்க வேண்டும். ஆபீசில் கொடுத்த இரண்டு எண்களின்படி நீளத்தில் இத்தனை காலடி, அகலத்தில் இத்தனை காலடி நடக்க வேண்டும். நின்ற இடத்தில் முளை அடித்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, நிறுக்க வேண்டும். இடத்தை விவசாயி காட்டவே கூடாது, காட்டினால் நல்ல இடத்தைத்தான் காட்டுவார் என்று பயிற்சியில் நூறு தடவை சொல்லியிருந்தார்கள். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அந்த வயல் அண்ணன் தம்பி இருவருக்கும் பாகம் பிரிக்காத வயல். தம்பி இறந்துவிட, அவர் மனைவிதான் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு மனை போட்டு விற்றுவிட ஆசை. வரப்பில் நின்றபடியே அவர் என்னிடம் சொல்லிவிட்டார்:

"சர்க்கார் நிறுத்து சொல்லட்டும் சார். நல்லா வெளஞ்சிருந்தா இவ இஷ்டம், பயிர் வெச்சிக்கினு போட்டும். இல்லன்னா கல்லு நட்டுர வேண்டியதுதான்."

அந்த அம்மா அதற்குத் தலையாட்டினார். அரசாங்கத் தராசின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

தண்டவாளத்தைப் பார்த்தேன். சென்னையிலிருந்து ரயில் தெற்கே போகிறது. எனவே அது போகிற பக்கம் தெற்கு. சூரியனும் அதற்கு ஒத்துவந்தது. தண்டவாளப் பக்கம் இருந்த ஒரு மூலையைக் கண்டுபிடித்து நின்றேன்.

"சார், கன்னிமூல அது இல்ல. தோ, அந்தாண்ட மதகுப் பக்கம் கீதே, அதான்" என்றார் அந்த அம்மா.

மதகுப் பக்கம் கதிர் தலைசாய்ந்து கிடந்தது எனக்கே தெரிந்தது. எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "எனக்குத் திசை தெரியாதா? நல்ல இடமா பார்த்துக் காட்டுறீங்களா?" என்று கத்தினேன். அண்ணன் சிரித்தார். நான் நின்ற மூலையிலிருந்தே காலடி வைத்தேன், அறுக்கச் சொன்னேன், நிறுத்தேன். பையின் அடியில்தான் கிடந்தது நெல். எண்ணை உரக்கப் படித்துவிட்டு, நேர்மையாக வேலை செய்த திருப்தியோடு ரயில் ஏறினேன். அடுத்த தைக்குள் அங்கே கல் நட்டுவிட்டார்கள்.

தொண்ணூறுகளில் அதற்குப் பக்கத்து வயலும் மனையாகி, அதில் ஒன்றில் நான் வீடு கட்ட ஆரம்பித்தேன். முதல் நாள் மேஸ்திரி கன்னிமூலையில் கல் வைக்கப் போனார். நான் சும்மா இருக்காமல், தெற்கு இந்தப் பக்கம் என்று தண்டவாளத்தைக் காட்டினேன்.

மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். "ரயிலு இங்க எங்க சார் நேரா போவுது? தென்மேற்கால இழுத்துக்கினு போவுது. புதுசா வர்றவங்க அல்லாரும் இத்தத்தான் சொல்றாங்க."

"சூரியன்?"

"தை மாசத்துல அது கெழக்கயா மொளைக்குது? தெக்க தள்ளி இல்ல வருது."

முள் ஆடி நின்ற திசையை வைத்துப் பக்கத்து மனைகளைப் பார்த்தேன். அந்தப் பழைய வயலின் கன்னிமூலை, அந்த அம்மா காட்டிய இடத்தில்தான் இருந்தது. மேஸ்திரி சொன்ன இடத்திலேயே கல்லை வைக்கச் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

அண்ணன் பாகமாகக் கொடுத்த ஒரே ஒரு மனையில், நான்கு கல்லுக்கு நடுவே அந்த அம்மா முளைக்கீரை போட்டிருந்தார். குனிந்து பறித்துக்கொண்டிருந்தவரிடம் போய் நின்று, நான் யார் என்று சொல்லி, அன்றைக்கு நான் மூலையைத் தப்பாகப் பிடித்துவிட்டதையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

"தெரியும் சார்" என்றார். "நீங்க போன பொறவு அதே அளவுக்குக் கயிறு கட்டி, கன்னிமூலையிலர்ந்து உங்கள மாதிரியே நடந்து, நானே அறுத்து நிறுத்தேன்."

"எவ்வளவு வந்தது?"

"உங்களுது போல ரெண்டு பங்கு."

"உங்க வீட்டுக்காரரோட அண்ணன்கிட்ட சொல்லலையா?"

கீரைக்கட்டை வாழைநாரால் முடிந்து என்னிடம் நீட்டினார்.

"சொன்னேனே. நீ இன்னா சர்க்காரான்னு கேட்டாரு."