கிளஸ்டரில் மிக்சருக்கு இடமில்லை

குனோங் ராபாட்டில் எங்கள் லோரோங்கில், அந்தச் சின்னச் சந்தில், வீட்டுக்கு ஒரு பலகாரம். மூலை வீட்டு அக்கா கடலை வறுப்பார், எதிர்வீட்டு அண்ணன் ஓமப்பொடி பிழிவார், அடுத்து பக்கோடா, அதற்கடுத்து முறுக்கு. நான் எதையும் பொரிப்பதில்லை. எல்லார் வீட்டிலும் வாங்கி, மிக்சராகக் கலந்து, பொட்டலம் கட்டி ஈப்போ கடைகளுக்குப் போடுவேன். என் வீட்டில் அடுப்பு எரிந்தது அதை நம்பித்தான். அவர்கள் பொரித்ததில் பாதியும் அதில்தான் போனது.

தொழில் வளர்ச்சிக்கென்று அரசாங்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார், காலில் பளபளக்கும் சப்பாத்தோடு. எங்கள் லோரோங் ஒரு ‘கிளஸ்டர்’, அதாவது ஒரே தொழில் செய்யும் வீடுகளின் கூட்டம், என்று அவர் சொல்லித்தான் தெரியும். இத்தனை வருஷமாக நாங்கள் பாட்டுக்குக் கிளஸ்டராக இருந்திருக்கிறோம், ஒருத்தரும் சொல்லவில்லை.

முறுக்குக்கு மட்டும்தான் இயந்திரம் கொடுக்கிறார்களாம் என்ற பேச்சு அவருக்கு முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் போட்டிக்கு வருமே என்று யாரும் வாய் திறக்கவில்லை. அவர் வீடு வீடாகக் கேட்டபோது கடலை அக்கா முறுக்கு என்றார். ஓமப்பொடி அண்ணனும் முறுக்கு என்றார்.

“மூணு தலைமுறையா முறுக்குதான்லா,” என்று பக்கோடாக்காரர் ஒரு படி மேலே போனார்.

கடைசியாக என்னிடம் வந்தார். “நீங்க என்ன உற்பத்தி பண்றீங்க அக்கா?”

“இவங்க செய்யிறத வாங்கிக் கலந்து விக்கிறேன் தம்பி.”

“அப்ப நீங்க கிளஸ்டர்ல வர மாட்டீங்க அக்கா,” என்றார், மரியாதையாகத்தான்.

லாரியில் இயந்திரங்கள் வந்து இறங்கின. ரிப்பன் வெட்டிய பெரிய மனிதர், ஒரே இடம், ஒரே பொருள், இதுதான் முன்னேற்றம் என்று பேசினார். லோரோங் முழுக்க முறுக்கு. கடைக்காரர்கள் போதும் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கோ கலக்க எதுவும் கிடைக்கவில்லை. பீடோர் ஊரில் யாரோ மூட்டையில் கட்டி விற்ற கடலையையும் ஓமப்பொடியையும் வாங்கிக் கலந்தேன். பாதிக் கடைகள் என்னை விட்டுப் போய்விட்டன.

தீபாவளி நெருங்கியபோது கடலை அக்கா வந்து, விருந்தாளிகளுக்கு மிக்சர் கேட்டார். ஒரு பிடி வாயில் போட்டார்.

“கடலை என்னா இப்படி நமத்துக் கெடக்கு?”

“வறுக்கிறவங்க முறுக்கு சுடப் போயிட்டாங்க அக்கா.”

அவர் மெல்லுவதை நிறுத்தினார். “கடலை வறுக்கிற சட்டிய இன்னும் தூக்கிப் போடல,” என்றார்.

“அப்ப வறுத்துக் கொண்டாங்க. அதுவரைக்கும் இதையே தின்னுங்க,” என்றேன்.