கடைசி வரிசைக்கு வராத தண்ணீர்

சென்ற ஆண்டு வீரபாண்டித் திருவிழாவுக்காக நான்கு நாள் விடுப்பில் சொந்த ஊரான கூடலூருக்கு வந்திருந்தேன். வந்தேனே தவிர, மனம் முழுக்க வட மாநிலத்தில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தது.

சூரியனில் நடக்கும் அணுக்கரு இணைவைப் பூமியில் நடத்திப் பார்க்கும் ஆராய்ச்சி எங்களுடையது. அதற்கு வாயுவைக் கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டைத் தரும் துகள் கற்றையை உருவாக்கும் 'அயனி மூலம்' என்ற கருவிதான் என் பொறுப்பு. அதில் நூற்றுக்கணக்கான துளைகள் கொண்ட செப்புத் தகடு ஒன்று உண்டு. அது உருகிவிடாமலிருக்க, உள்ளே மெல்லிய பாதைகளில் தண்ணீர் ஓடும். எங்கள் தகட்டின் ஒரு மூலை மட்டும் ஒவ்வொரு சோதனையிலும் அளவுக்கு மீறிச் சூடானது. தண்ணீர் மீட்டரோ ஏறக்குறைய சரியாகவே காட்டியது. அப்படியென்றால் தகட்டின் அடுக்குகளைச் சேர்த்து ஒட்டவைத்த டெக்னீஷியன்தான் சொதப்பிவிட்டார் என்று முடிவு கட்டினேன். இன்னொரு முறை பார்த்துவிடலாமே என்று அவர் கெஞ்சியதைக் காதில் வாங்கவில்லை. அறிக்கை தயார். அனுப்பினால் அவருடைய ஒப்பந்த வேலை போய்விடும்.

மறுநாள் மாமாவின் திராட்சைத் தோட்டத்துக்குப் போனேன். பந்தலின் கடைசி வரிசைக் கொடிகள் மட்டும் வாடிக் கிடந்தன. மோட்டார் பக்கத்தில் தண்ணீர் ஓட்டத்தைக் காட்டும் கேஜைப் பார்த்துவிட்டு, "தண்ணி நல்லாத்தான போகுது, வேர்லதான் ஏதோ நோயி" என்று விஞ்ஞானி தோரணையில் சொன்னேன். அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கும்.

"கேஜு நல்லாத்தேன் காட்டும்க்கா. ஒண்ணு அடைச்சா மத்த குழாயெல்லாம் சேத்து இழுத்துக்கிரும்ல. அங்கன கடைசியில போயித்தேன் பாக்கணும்" என்றபடி சொட்டுநீர்க் குழாயின் முனை மூடியைக் கழற்றினார். ஒரு சொட்டு வரவில்லை. குழாயைத் தட்டி உருவினார். வெள்ளை உப்புக் கட்டி வந்து விழ, பின்னாலேயே தண்ணீர் பீய்ச்சியடித்தது. என் முகத்திலும்தான்.

அறிக்கையை அனுப்பவில்லை. திரும்பிப் போனதும் தகட்டின் ஒவ்வொரு தண்ணீர்ப் பாதையையும் தனித்தனியாகச் சோதித்தோம். ஒன்றில் மட்டும் தண்ணீர் வரவில்லை. அடைத்துக்கொண்டிருந்தது, குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பின் துணுக்கு. அந்த டேப்பைச் சுற்றியவள் நானேதான்! எல்லோர் முன்னாலும் அந்த டெக்னீஷியனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரோ, டீ சாப்பிடப் போகலாமா என்றார். வெட்கத்தோடு அவர் பின்னால் நடந்தேன்.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அந்தப் பெண்ணைத் தேடிப் போய், "உங்களாலதான் ஒருத்தர் வேலை தப்புச்சு" என்று நடந்ததைச் சொன்னேன்.

"நா என்னத்தக்கா செஞ்சேன்? மூடியத் தொறந்தேன், அம்புட்டுத்தேன்" என்றார்.

இன்றும் யார் மீதாவது குறை எழுத உட்காரும்போதெல்லாம் அந்தத் தண்ணீர் முகத்தில் வந்து அடிக்கிறது. அந்தப் பெண்ணை நன்றியோடு நினைத்துக்கொண்டு, முதலில் என் வேலையைச் சரிபார்க்கிறேன்.