ஐஸ்பெட்டி கேட்ட ஐந்து கேள்விகள்

என் அண்ணனுக்கு வீட்டில் வைத்த பெயர் மைதானத்தில் யாருக்கும் தெரியாது. அங்கே அவன் ஐஸ்பெட்டி. வார நாட்களில் பட்டறையில் பஸ் கண்ணாடி மாற்றுவான். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் எங்கள் கால்பந்து அணியின் முதலுதவிக்காரன். நீலநிற ஐஸ்பெட்டியைத் தோளில் மாட்டியதும் அவனுக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும், பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுவான். புல்லுக்குள் குனிந்து கண்ணாடிச் சில்லு, ஆணி, கல் எல்லாம் பொறுக்குவான். கோல் கம்பத்தைப் பிடித்து உலுக்கிப் பார்ப்பான். ஆம்புலன்ஸ் நுழைய வேண்டிய பின்கேட்டைத் தானே திறந்து பார்த்து, சாவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வான். பிறகு எல்லோரையும் நிற்கவைத்து மோதிரம், சங்கிலி கழற்றச் சொல்வான். கழலாத கல்யாண மோதிரத்துக்கு அவனிடம் சோப்பு உண்டு. யார் விழுந்தாலும், அவன் வந்து கழுத்தைப் பார்க்கும்வரை வேறு கை படக்கூடாது. ஒரு தடவை எதிரணிக் கோச் தொட்டுவிட்டார். அண்ணன் திட்டிய திட்டில் ரெஃபரீ விசிலை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டார்.

தலையில் அடிபட்டால் ஐந்து கேள்விகள். இது எந்த மைதானம், எத்தனையாவது பாதி, கடைசி கோல் யார் போட்டது, போன வாரம் யாரோடு ஆடினோம், ஜெயித்தோமா தோற்றோமா. பன்னிரண்டு வருடமாக இதே ஐந்து, இதே வரிசை. ஐந்தும் சரியென்றால் திரும்ப ஆடலாம். ஒன்று தவறினாலும் பெஞ்ச்தான்.

அதைக் கெடுத்தவன் நான். அப்போது நான் கோல்கீப்பர். உடை மாற்றும் அறையில் அண்ணன் மாதிரியே குரலை இழுத்துக் கேள்வி கேட்டு, பதிலையும் நானே சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பேன். சிரிப்பு பழக்கமாகிவிட்டது. நான் ஆட்டத்தை விட்ட பிறகும் பூட்ஸ் கயிறு கட்டும்போது பதினொரு பேரும் சேர்ந்து ஐந்து பதிலையும் ஒப்பித்துவிட்டுத்தான் இறங்குவார்கள். தகரச் சுவருக்கு வெளியே நின்று கேட்டால் உள்ளே ஒரே ஒரு ஆள் பேசுவது போல இருக்கும். கோல் விழுந்தாலோ பாதி மாறினாலோ புதுப் பதிலை ஒருவருக்கொருவர் கத்திக்கொள்வார்கள். அண்ணன் அதை உற்சாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தான், பாவம்.

போன வருடத்தின் கடைசி ஆட்டம். சுவர் என்று பெயரெடுத்த எங்கள் தடுப்பாட்டக்காரன் பந்தை முட்ட எகிறி, எதிராளியின் தலையோடு மோதினான். அந்தச் சத்தம் பெஞ்ச் வரைக்கும் கேட்டது. அண்ணன் ஓடினான். ஸ்ட்ரெச்சர் தூக்குவது இப்போது என் வேலை, பின்னாலேயே போனேன். சுவர் தானாகவே எழுந்து உட்கார்ந்திருந்தான். ரத்தம் இல்லை, வீக்கமும் இல்லை. அண்ணன் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேள்விகளை ஆரம்பித்தான். ஐந்துக்கும் பதில் வந்தது. ஆட்டம் சமநிலை, மீதி பன்னிரண்டு நிமிடம். கோச் எல்லைக்கோட்டில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். எழுந்திரு என்று அண்ணன் கையை நீட்டினான்.

சுவர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. யாரும் கேட்காமலே மறுபடி ஆரம்பித்தான்.

"தண்ணித்தொட்டி மைதானம். ரெண்டாவது பாதி. நம்ம பதினோராம் நம்பர். டிப்போ டீம். தோத்துட்டோம்."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒவ்வொரு பதிலுக்கும் நடுவே, ஒரு கேள்வியைக் கேட்டு முடிக்க ஆகும் நேரம் அளவுக்கு நிறுத்தினான். அந்த நேரத்தில் யாரோ அவனிடம் கேட்டுக்கொண்டிருப்பது போலவும், எங்களுக்கு மட்டும் அது கேட்காதது போலவும் இருந்தது. முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி தொடங்கினான்.

அண்ணன் சிரித்தான். "கிண்டலப் பாரு இவனுக்கு," என்றான்.

நான் வாயைத் திறந்தால் இத்தனை வருடக் குட்டு உடைந்துவிடும். மூடிக்கொண்டிருந்தால் சுவர் உள்ளே போய் அதே தலையை இன்னொரு பந்துக்குக் கொடுப்பான்.

"அண்ணே, கடைசிக் கேள்விய முதல்ல கேளு," என்றேன்.

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கேட்டான். "போன வாரம் ஜெயிச்சோமா?"

"தண்ணித்தொட்டி மைதானம்."

"உன் பேரு என்னடா?"

"ரெண்டாவது பாதி."

"உனக்கு எத்தனை பிள்ளைங்க?"

"நம்ம பதினோராம் நம்பர்."

அண்ணன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கழுத்துச் சாவியைக் கழற்றி என் கையில் திணித்து, பின்கேட்டுக்கு ஓடச் சொன்னான். கோச் கத்திய கத்தலுக்கு அவன் திரும்பக்கூட இல்லை. ஆம்புலன்ஸில் படுக்க வைத்த பிறகும் சுவர் ஒப்பித்துக்கொண்டுதான் இருந்தான். மண்டைக்குள் ரத்தம் கசிந்திருந்ததாம். அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள், பிழைத்துக்கொண்டான். இன்னொரு இடி பட்டிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அண்ணனிடம் கொட்டினேன். அறைவான் என்று நினைத்தேன். அவன் தரையைப் பார்த்தபடி, இதுவரை திரும்ப உள்ளே அனுப்பியவர்களை ஒவ்வொருவராக முணுமுணுக்க ஆரம்பித்தான். என் முறை வந்ததும் நிமிர்ந்தான். நீ எதனால் ஆட்டத்தை விட்டாய் என்று கேட்டான்.

ஊரெல்லாம் முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மை வேறு. ஆறு வருடத்துக்கு முன்னால் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து கம்பத்தில் தலை மோதினேன். அண்ணன் கேட்டான், ஐந்தும் சரியாகச் சொன்னேனாம், உள்ளே அனுப்பினான். அதற்கு மேல் எனக்கு நினைவில் இருப்பது மறுநாள் காலைதான். பயத்தில் ஆட்டத்தை விட்டேன், யாரிடமும் மூச்சு விடவில்லை. தூக்கத்தில் இப்போதும் எதையோ ஒப்பிக்கிறேன் என்று என் மனைவி சொல்வாள்.

"வீட்டுக்கு எப்படி வந்தேன்னு கூடத் தெரியாதுண்ணே. நீதான் பைக்ல கூட்டிட்டு வந்திருப்பன்னு நினைச்சுக்கிட்டேன்," என்றேன்.

அண்ணன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"பைக்க ஓட்டினது நீடா," என்றான். "நான் பின்னாடி உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் அந்த அஞ்சு பதிலையும் சொல்லிக்கிட்டே வந்த. என்னைக் கிண்டல் பண்றன்னு நானும் சிரிச்சுக்கிட்டே வந்தேன்."