முள் படுத்தாலும் எண்ணெய் இருக்கும்

பிரிக்பீல்ட்ஸ் தம்புசாமிக்கு எதிலும் சந்தேகம் வந்தது கிடையாது. முப்பத்திரண்டு வருஷம் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். தலைமையாசிரியர்கள் வந்தார்கள், போனார்கள். எல்லாம் தெரிந்தவராகத் தம்புசாமி மட்டும் அதே நாற்காலியில் இருந்தார். அடுக்குமாடிக்குக் கீழே நிற்கும் அவருடைய வெளிர்பச்சை வெள்ளைக்காரன் காலத்து மாடல் காருக்கு ஐம்பத்தாறு வயது. வாரத்தில் மூன்று நாள் துடைப்பார், ஒரு நாள் ஓட்டுவார்.

அந்தக் காரின் மீட்டர்களைப் படிக்க உலகத்தில் ஒரே ஒருவரால்தான் முடியும் என்று பெயர். பெயரைக் கொடுத்தவரும் அவரேதான். பெட்ரோல் எண்ணெய் மீட்டர் முள், காலி என்று பொருள்படும் E-யில் போய்ப் படுத்துவிட்டாலும் தொட்டியில் இன்னும் பத்து லிட்டர் இருக்கும். என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளோ, எவ்வளவு தூரம் ஓட்டினாலும் குளிர்ச்சி என்று பொருள்படும் C-யை விட்டு அசையாது. "நம்ம கார் சூடே ஆகாது லா, பாஸ்," என்று தேத்தண்ணிக் கடையில் முன்பின் தெரியாதவரிடமெல்லாம் சொல்வார். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டுக் கிளாசோடு வேறு மேசைக்கு நகர்ந்துவிடுவார்.

ஆயில் அழுத்தம் குறைந்தால் எரிய வேண்டிய சிவப்பு லைட் ஒன்றும் இருந்தது. சாவியைத் திருப்பியதும் அது எரியும்; என்ஜின் பிடித்ததும் அணையும். அப்படித்தான் செய்து அனுப்பியிருக்கிறார்கள். கிளம்பும்போதே சிவப்பு லைட்டைப் பார்ப்பது அபசகுனம் என்று முடிவு கட்டிய தம்புசாமி, ஓர் ஆயுத பூஜையன்று அதன் மேல் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மேலே ஒரு பூச்சு ஏறியது. இப்போது அங்கே ஒரு லைட் இருந்தது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

இதெல்லாம் பெருமைக் கதை. அவமானக் கதையும் ஒன்று உண்டு. அவர் மனைவி ரமணி அந்தக் காரில் ஏறிப் பன்னிரண்டு வருஷமாகிறது.

கிள்ளானில் ரமணியின் தம்பி லோகன் புதுவீடு குடிபோன நாள் அது. ஃபெடரல் ஹைவேயில் பானட்டிலிருந்து புகை புகையாக ஆவி கிளம்பியது. "முள் C-ல தானே இருக்கு, கார் சூடாகல. வெளிய வெயில் அப்படி," என்றார் தம்புசாமி. அப்புறம் கார் நின்றது. வெயில் என்று சொன்ன வாய் மூடுவதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது. பட்டுச்சேலையோடு நனைந்து நடந்த ரமணி அன்றிலிருந்து கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயிலில்தான் போவாள். கணவர் காரில், மனைவி ரயிலில். அவர் போய்ச் சேரும்போது அவள் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பாள். சொந்தக்காரர்கள் வாசலில் நின்று, "என்ன மச்சான், தனியாவா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள். அந்தக் கேள்வி தம்புசாமிக்குச் சுருக்கென்று தைக்கும். பக்கத்து சீட் காலியாக இருக்கும் கார் எவ்வளவு பளபளத்து என்ன பிரயோஜனம்?

லோகன் மகள் மலருக்குக் கல்யாணம் என்றதும் வாயை விட்டுக் கேட்டேவிட்டார். "ரமணி, இந்த ஒரு தடவை என்கூட கார்ல வா."

"நான் அத்தைக்காரிங்க. மாப்பிள்ளை வந்து எறங்குறப்ப ஆரத்தி தட்டோட நான் நிக்கணும். ரோட்டுல நிக்க முடியாது."

"கார ரெடி பண்ணிட்டேன்னா?"

ரமணி கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். "சரி, வரேன். ஆனா வழியில நின்னுச்சு, மறுநாளே கார வித்துடணும். அந்தப் பக்கத்து வீட்டு ஜீவன் தம்பி விலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்குல்ல?"

தம்புசாமி ஜன்னலுக்குப் போய்க் கீழே நின்ற காரை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். ஆனாலும் சரி என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், அம்பாங்கில் வயரிங் கடை வைத்திருக்கும் ஹபீபாவிடம் கார் போனது. தலையில் துணி, கையில் ஒரு சின்ன டெஸ்ட் லைட், கண்ணில் பொறுமை. ரமணியும் கூடவே போயிருந்தாள், ரயிலில். ஹபீபா முதல் காரியமாகச் சந்தனத்தைச் சுரண்டினாள். சாவியைத் திருப்பியதும் உள்ளேயிருந்து சிவப்பு லைட் பளிச்சென்று எட்டிப் பார்த்தது.

"இது உயிரோட தான் இருக்கு அங்கிள். நீங்க தான் அடக்கம் பண்ணிட்டீங்க."

அப்புறம் மீட்டர்களுக்கு வந்தாள். "ரெண்டு முள்ளும் ஒரே மாதிரி கீழ படுத்திருக்கு. ரெண்டும் ஒண்ணா கெட்டுப்போகாது. ரெண்டுக்கும் கரண்டு ஒரே வயர்ல வருது, அங்க தான் பாக்கணும்."

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டவள் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தாள். கையில் பச்சை பிடித்த ஒரு வயர் முடிச்சு. "மீட்டருக்குப் போற வயர வெட்டி, முறுக்கி, டேப் சுத்தி, எங்கேயோ கரண்டு இழுத்திருக்காங்க. யாரு அங்கிள் இந்த வேலைய பாத்தது?"

தம்புசாமி டேஷ்போர்டின் மேலே பார்த்தார். முருகன் சிலையைச் சுற்றிக் கலர் பல்புகள் மினுக்கிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு வருஷத்துக்கு முன், லோகனின் புதுவீட்டுக்குப் போவதற்கு முந்தின வாரம், யாரிடமும் கேட்காமல், தம் கையாலேயே மாட்டிய பல்புகள்.

"அப்போ அன்னைக்கு நிஜமாவே சூடு ஏறித்தான் நின்னுச்சா?" என்றாள் ரமணி.

"சாமி காரியம்னு செஞ்சேன்," என்றார் தம்புசாமி.

"சாமிக்குத் தனி வயர் போட்டுட்டேன்," என்றாள் ஹபீபா. "நல்லா கேட்டுக்கங்க அங்கிள். இனிமே சூட்டு முள் நடுவுல நிக்கும். அதுதான் சரி. எண்ணெய் முள் E-ன்னா, காலின்னு அர்த்தம். பழைய கணக்க மறந்துடுங்க."

"தெரியும்மா, தெரியும்," என்றார் தம்புசாமி. அந்தச் சொல்லைச் சொன்னாரென்றால் காதில் எதுவும் ஏறவில்லை என்று பொருள். அது ரமணிக்கும் தெரியும்.

கல்யாணத்தன்று காலை ஏழரைக்குக் கிளம்பினார்கள். ரமணி முன்சீட்டில். தம்புசாமி வேண்டுமென்றே பிரிக்பீல்ட்ஸைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தார், நாலு பேர் பார்க்கட்டும் என்று.

"ஏங்க, எண்ணெய் முள் கீழ இருக்கே?"

"இந்தக் காரப் பத்தி எனக்குச் சொல்றியா? முள் படுத்தாலும் பத்து லிட்டர் இருக்கும்."

சுபாங் தாண்டியதும் எதேச்சையாக மீட்டரைப் பார்த்த அவர் முகம் வெளிறியது. சூட்டு முள் நடுவில் நின்றது! பன்னிரண்டு வருஷத்தில் அவர் காணாத காட்சி; முந்தின நாள் வீடு திரும்பும்போது மீட்டர் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. "ஐயய்யோ, சூடு ஏறுது!" என்று ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து, கல்யாணப் பத்திரிகையால் என்ஜினுக்கு விசிற ஆரம்பித்தார்.

"நடுவுல நிக்கிறது தானே சரின்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு?"

"பொண்ணுக்கு என்னா தெரியும்!"

ஒரு குறையும் இல்லாத என்ஜினுக்கு இருபது நிமிஷம் வைத்தியம் நடந்தது. மறுபடி கிளம்பும்போது ரமணி வழியிலிருந்த எண்ணெய் ஸ்டேஷனைக் காட்டினாள். "நேரமாச்சு, பேசாம வா," என்று ஸ்டேஷனைத் தாண்டிப் போனார். கிள்ளானுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது கார் இரண்டு தடவை இருமியது. அப்புறம் நின்றது.

தம்புசாமி ஹபீபாவுக்கு போன் போட்டுக் கத்தினார். "என்னாம்மா வேல பாத்த? நல்லா ஓடுன கார் நின்னுபோச்சு!"

"எண்ணெய் முள் எங்க இருக்கு அங்கிள்?"

"E-ல. எப்பவும் போல."

சொன்னதும் அவரே முள்ளை இன்னொரு தடவை பார்த்தார். போனை வைத்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார்.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தம்புசாமி அடுத்த ஸ்டேஷனுக்கு நடந்தார். லோரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. இரவல் கேனில் எண்ணெயோடு திரும்பி வந்து தொட்டியில் ஊற்றினார். கார் போகப் போகிறது என்பதைவிட, ரமணியோடு காரில் போய் வாசலில் இறங்குவது இனி ஆயுசுக்கும் நடக்காதே என்று அழுகை முட்டியது. சாவியை ரமணியிடம் நீட்டினார்.

"ஜீவனுக்கு போன் பண்ணிச் சொல்லிடு. நானே போய்க் குடுத்துடறேன்."

ரமணி சாவியை வாங்கிக்கொண்டாள். "பன்னண்டு வருஷம் பொய் சொன்ன முள்ள நம்பினீங்க. நேத்துலேருந்து அது நிஜம் சொல்லுது, நம்ப மாட்டேங்கறீங்க. நான் சொன்னாலும் அதே கதை தான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீ சொல்றது தான் சரி," என்றார். கல்யாணமான நாளிலிருந்து இது முதல் தடவை.

ரமணி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அங்கிருந்தே எட்டிச் சாவியைத் தானே நுழைத்துத் திருப்பினாள். சிவப்பு லைட் எரிந்தது, என்ஜின் பிடித்ததும் அணைந்தது. எண்ணெய் முள் மெல்ல எழுந்தது.

"ஏறுங்க. ஆரத்திக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

"அப்போ கார்?"

"இருக்கட்டும். இனிமே மீட்டர நான் பாக்குறேன், நீங்க ரோட்டப் பாருங்க. நான் வராம இந்தக் கார் எங்கேயும் போகக் கூடாது."

தம்புசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார். கொஞ்ச தூரம் போனதும், வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு சந்தேகம் கேட்டார்.

"ரமணி, சூடு எங்க நிக்குது?"

"நடுவுல. பேசாம ஓட்டுங்க."