உத்தரவுத் தேதி

அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. தபால் பிரிவில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்து, வருகிற போகிற தாளிலெல்லாம் தேதி முத்திரை குத்தியதில் 'தேதி சார்' என்றே ஆகிப்போனார். காலையில் வந்ததும் முத்திரையின் ரப்பர் சக்கரத்தை ஒரு நாள் முன்னே தள்ளி, பழைய காகிதத்தில் ஒரு முறை குத்திப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் மின்விசிறியைப் போடுவார்.

அந்த அலுவலகத்துக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. உத்தரவுகளைத் தேதியோடு தட்டச்சு செய்துவிடுவார்கள். அவை கையெழுத்துக்காக இரண்டு மூன்று வாரம் மேலதிகாரியின் மேசையில் கிடக்கும். பிறகு இவர் கொண்டுபோய்க் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். அன்றைய தேதியைப் போட்டால் தாமதம் பளிச்சென்று தெரியும். ஆய்வுக்கு வருகிறவர் கேள்வி கேட்பார். அதனால் வாங்குகிறவரிடம் உத்தரவில் இருக்கிற தேதியையே போடச் சொல்லிவிடுவார் தேதி சார். யாரும் மறுத்ததில்லை. அவர் பதிவேட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று ஓர் ஆய்வாளர் பாராட்டிவிட்டுக்கூடப் போனார்.

மனைவிக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தபோது மூன்று மாதம் மருத்துவமனையே கதி என்று கிடந்தார். ஊரையெல்லாம் காகிதம் கேட்ட மனிதர், தன் விடுப்பை மட்டும் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். விசாரணை வைத்தார்கள். பணியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

நீக்க உத்தரவைக் கொண்டுவந்தவள் அவர் நாற்காலிக்கு வந்திருந்த பெண். அவரிடமே வேலை கற்றவள். வாசலில் நின்று, முகத்தைப் பார்க்காமல் பதிவேட்டை நீட்டினாள். உத்தரவில் இருந்த தேதி மூன்று. அன்றைக்கு இருபத்தொன்று. அவர் கை தானாகப் போய் மூன்று என்று எழுதியது. வழக்கம்போல அழகாகவே எழுதியது.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார்."

"இதுல நீ என்னம்மா பண்ணுவே? தண்ணி குடிச்சிட்டுப் போ."

உத்தரவு கைக்கு வந்து நாற்பத்தைந்து நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அந்த வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவள் மகள், அவள்தான் எழுதினாள். அடித்தாள், திருத்தினாள், மறுபடி முதலிலிருந்து எழுதினாள். முப்பத்தைந்தாம் நாள் இருவரும் போய்க் கொடுத்தார்கள். இன்னும் பத்து நாள் கையில் இருக்கிறது என்ற தெம்பு அவருக்கு. ஒரே பத்தியில் பதில் வந்தது: பெற்றுக்கொண்ட தேதியிலிருந்து ஐம்பத்து மூன்று நாள் ஆகிவிட்டது, ஏற்க இயலாது. கூடவே பதிவேட்டுப் பக்கத்தின் நகல்.

"இது உங்க எழுத்துதானேப்பா?"

"ஆமா. அப்படித்தாம்மா போடுவோம்."

அவள் கோபப்படுவாள் என்று பார்த்தார். அவளோ, அந்தப் பக்கத்தை நான் முதலிலேயே கேட்டு வாங்கிப் பார்த்திருக்கணும் என்று தன்னையே நொந்துகொண்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

தாமதத்தைப் பொறுத்தருள ஒரு மனு போடலாம், காய்ச்சல் என்று எழுதுங்கள், ஊரில் எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள் என்றார் தெரிந்தவர் ஒருவர். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளதை எழுதலாம், ஆனால் உங்கள் கையெழுத்துக்கு எதிராக உங்கள் வாய்ச்சொல் மட்டும் நிற்காது, இதே மாதிரி கையெழுத்துப் போட்ட இன்னொருவர் வேண்டும் என்றாள். அவருக்கு யார் என்று உடனே தெரிந்தது. சொல்ல இரண்டு நாள் பிடித்தது.

ஏழு வருடத்துக்கு முன் நீக்கப்பட்ட அலுவலக ஓட்டுநர். அந்த உத்தரவையும் கொடுத்தது இவர்தான். "அண்ணே, மேல இருக்கிற தேதியையே போட்டுடுங்க," என்று சொன்னதும் இவர்தான். ஓட்டுநரின் முறையீடு பதினோரு நாள் தாமதம் என்று தள்ளுபடியானது. அந்தத் தள்ளுபடித் தாளில் முத்திரை குத்தி, கோப்பில் சேர்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போனார்.

ஓட்டுநர் இப்போது தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டே மோட்டாரில் கம்பி சுற்றினார்.

"அண்ணே, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? நீதானே பேனா மூடியக்கூட கழட்டிக் குடுத்தே."

"எனக்கு அப்போ தெரியலண்ணே."

"உனக்கு வந்தப்புறம்தானேப்பா என் ஞாபகமே வந்துச்சு?"

அவர் கையிலிருந்த தாளை நீட்டினார். ஓட்டுநர் கம்பியை முடித்துவிட்டு, கையைத் துடைத்து, மகள் எழுதிய வாக்குமூலத்தை இரண்டு தடவை படித்தார். அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"சரி, எந்தத் தேதி போடணும்? சொல்லு."

ஓட்டுநர் சுவர் நாட்காட்டியைப் பார்த்து, அன்றைய தேதியைத் தானே எழுதிக் கொடுத்தார்.

மனு ஏற்கப்பட்டது. பொய்த் தேதி வாங்கியதற்கும் அதை அடுத்தவளுக்குக் கற்றுக்கொடுத்ததற்கும் எழுத்தில் ஒரு கண்டனம். மேல்முறையீட்டில் வேலை மட்டும் திரும்பக் கிடைத்தது. அந்தப் பெண்ணை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். ஓட்டுநருக்காகவும் மகள் ஒரு மனு எழுதிப் போட்டாள். அவர் ஓய்வு வயதைக் கடந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது, மறுபரிசீலனைக்கு இடமில்லை என்று பதில் வந்தது.

அந்தப் பதிலைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவரும் தேதி சார்தான். பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைவரை நடந்தார். தாளைக் கொடுத்தார். பதிவேட்டை விரித்துவைத்து, மூடியைக் கழற்றாமலே பேனாவை நீட்டினார்.